முறுக்கும் மூன்று கம்பிகளும்

பாளையங்கோட்டையில் ஒரு மைக்செட் கடை. அங்கே ஒரு குரு, ஒரு சீடர். குருவுக்கு வயது முப்பத்திநான்கு, பெயர் ஜெபராணி. சீடருக்கு வயது அறுபத்திரண்டு. சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்ற ஆவுடையப்பன்.

ஈயம் பற்றவைக்கக் கற்றுக்கொள்ள வந்தவர் முதல் நாளே “குருவே” என்று கூப்பிட்டார். கிண்டல் செய்கிறார் என்று ஜெபராணி ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. கிண்டல் இல்லை என்று தெரிந்த பிறகு அவருக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தது.

ஒரு நாள் காலை சீடர் கையில் ஒரு பெட்டியோடு வந்தார்.

“குருவே, ஒரு சந்தேகம்.”

“கேளுங்க அண்ணாச்சி.”

“ஸ்பீக்கர் கம்பியை மாத்தினா சத்தம் நல்லாருக்குமா?”

பெட்டியின் கண்ணாடி மூடி வழியாகச் சுண்டுவிரல் கனத்தில் ஒரு கம்பி, பட்டுச்சேலை மாதிரி மடித்து வைத்திருப்பது தெரிந்தது. மேலே ஒட்டிய டேப்பைக்கூட அவர் இன்னும் பிரிக்கவில்லை.

“இப்ப இருக்க சத்தத்துக்கு என்ன?”

ஆவுடையப்பன் பெட்டியைத் தடவினார்.

“உலகம்மா மூணு மாசமா பாட்டு கேக்க வரமாட்டேங்கா. கல்யாணம் ஆன நாள்லருந்து சாயங்காலம் ரெண்டு பேரும் சேந்துதான் கேப்போம். இப்ப அவ நாற்காலி சும்மா கெடக்கு. அதப் பாத்துக்கிட்டு எனக்கு ஒரு பாட்டும் இறங்க மாட்டேங்கு. சத்தம் தெளிவா இருந்தா வந்துருவா.”

குரு எழுந்தார். கடையில் கிடந்த மைக்செட் கம்பியை ஒரு சுருள் எடுத்துத் தோளில் மாட்டினார்.

“வாங்க, வீட்டுக்குப் போவோம்.”

வீட்டில் பாதிச் சுவரை மறைத்துக்கொண்டு ஓர் அலமாரி, பின்னால் ஆள் நிற்க இடம் விட்டு. அதில் ஆம்ப்ளிஃபயர், இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்கள். எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றின் மேல் துவைத்த துணி குவிந்திருந்தது. உலகம்மாள் வந்து “வாம்மா” என்று சொல்லி, ஒரு தட்டு முறுக்கை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டார்.

“பழைய கம்பி, பெட்டிக் கம்பி, என் கம்பி. மூணையும் மாத்தி மாத்தி மாட்டுதேன்,” என்றார் குரு. “எப்ப எதுன்னு சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்.”

பெட்டியையும் சுருளையும் எடுத்துக்கொண்டு அலமாரிக்குப் பின்னால் போனார். திரும்பி வந்து முறுக்குத் தட்டையும் எடுத்துப்போனார்.

“போடுங்க அண்ணாச்சி!”

ஆவுடையப்பன் பாட்டைப் போட்டார். கண்ணை மூடினார்.

“அடடா! வயலின் என் மடியில வந்து உக்காருது. குருவே, இது பெட்டிக் கம்பி!”

“சரி. நிறுத்துங்க.”

பின்னால் ஏதோ உருட்டும் சத்தம். மறுபடி அதே பாட்டு.

“ம்ஹும். பாடுதவருக்குச் சளி பிடிச்ச மாதிரி இருக்கு. இது பழசு.”

மூன்றாம் முறை அவர் நெடுநேரம் கேட்டார். பத்திரத்தில் நான்கெல்லை சரிபார்க்கிற முகம்.

“குத்தம் சொல்லுதேன்னு நெனைக்கக் கூடாது. தெளிவாத்தான் இருக்கு. ஆனா ஊடால கரகரன்னு ஒரு சத்தம். இது உங்க கம்பி.”

குரு அலமாரிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். ஒரு கையில் பெட்டி. டேப் ஒட்டினபடியே இருந்தது. தோளில் சுருள், கட்டுக்கூட அவிழ்க்கவில்லை. இன்னொரு கையில் தட்டு. அதில் முறுக்கு இல்லை.

“மூணு தடவையும் பழைய கம்பிதான் அண்ணாச்சி. நான் கையே வைக்கல.”

“அப்ப அந்தக் கரகரப்பு?”

குரு காலித் தட்டைக் காட்டினார்.

அடுக்களையிலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. பாத்திரம் ஒன்று கீழே விழுந்து உருண்டது. ஆவுடையப்பனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று நினைத்தபோது அவருக்கும் சிரிப்பு வந்தது.

“காது நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு,” என்றார் குரு. “கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாலு தெரு தாண்டி இழுத்தா கனமான கம்பி வேணும். இங்க பத்தடி. இருக்கதே போதும். முனையெல்லாம் நல்லா முடுக்கியிருக்கு.”

“அப்ப உலகம்மா வாரதுக்கு நான் எதைத்தான் மாத்த?”

“ஏன் வரலன்னு மதினியைக் கேட்டியளா?”

ஆவுடையப்பன் ஸ்பீக்கரை விற்றவரைக் கேட்டிருந்தார். சென்னையில் இருக்கும் மச்சானைக் கேட்டிருந்தார். குருவைக் கேட்டிருந்தார். எழுந்து அடுக்களை வாசலில் போய் நின்றார்.

“ஏன் உலகு, பாட்டு கேக்க ஏன் வரமாட்டேங்க?”

“இந்தப் புது ஸ்பீக்கர் வந்த நாள்லருந்து நீங்க எங்க கேக்க விட்டீக?” உலகம்மாள் கரண்டியோடு திரும்பினார். “பல்லவி முடியுமுன்ன எட்டு தடவ ‘கேட்டியா? தபேலா கேட்டியா? அந்த மணி கேட்டியா?’ன்னு கேக்கீக. ‘கேட்டேன், கேட்டேன்’னு பதில் சொல்லியே என் பாட்டு போயிருது. பாட்டு கேக்க வந்தேனா, பரீட்சை எழுத வந்தேனா?”

ஆவுடையப்பன் திரும்பி வந்தார். நாற்காலியில் கிடந்த துணியை அள்ளிக் கட்டிலில் போட்டார். நாற்காலியைத் துண்டால் ஒரு தட்டு தட்டினார்.

உலகம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். அடுப்பை அணைத்தார். இன்னொரு தட்டு முறுக்கோடு வந்து, அதைக் குருவின் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார்.

பாட்டு ஆரம்பித்தது. பழைய கம்பி வழியாகவே வந்தது. வயலின் வந்தது, குரல் வந்தது. ஓர் இடத்தில் குரல் அடங்க, சின்னதாக ஒரு மணி ஒலித்தது. ஆவுடையப்பனால் தாங்க முடியவில்லை. சட்டென்று மனைவி பக்கம் திரும்பினார்.

“கே...”

குரு தட்டை அவர் முன்னால் நீட்டினார்.

“முறுக்கு எடுத்துக்கோங்க அண்ணாச்சி. கொஞ்சம் கரகரப்பு இருந்துட்டுப் போட்டும்.”