பெருவேலி ஏரிக்கு வந்த மூன்று பேர்

"மாட்டைக் கறக்கிறவன் முதலில் அதன் வயிற்றைப் பார்க்க வேண்டும், அப்புறம்..." அப்புறம் என்ன? தாய்மாமன் ஒரு விருந்தில் சொன்னது. பாதிதான் மன்னன் மாறவேளின் நினைவில் நின்றது. மீதிப் பாதியைப் பாயசம் மறக்கடித்துவிட்டது.

கொன்றைநாடு என்று ஒரு நாடு இருந்த காலத்தில், அதை ஆண்டவன்தான் இந்த மாறவேள். நல்லவன். ஆனால் இனிப்பாகப் பேசுகிறவர் பக்கம் சாய்ந்துவிடுவான். அதுவும் சாப்பிட்ட பிறகு என்றால் சொல்லவே வேண்டாம்.

அந்த ஆண்டு பெருவேலி ஏரிக்கரை மூன்று இடத்தில் வெடித்திருந்தது. ஐப்பசி மழைக்கு ஒரு மாதம்தான் பாக்கி. கரை போனால் ஏரிக்குக் கீழே உள்ள நாற்பத்திரண்டு ஊரும் போகும். அந்த நேரம் பார்த்து நாட்டுச் சபையில் ஏரிப்பகுதியின் இருக்கை காலியாக இருந்தது. அதில் அமர்பவர்தான் அங்கே எவ்வளவு வரி, எதற்குச் செலவு என்று முடிவு செய்வார். ஊர்கள் மூன்று பெயரைச் சொல்லியனுப்பின. மூவரில் ஒருவரை மன்னன் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் எழுந்தவர் அரசவைப் பிரபு விழுப்பரையர். "மன்னா! நான் வந்தால் வரியே கிடையாது. கேட்டவருக்குக் கேட்டது கிடைக்கும். வீட்டுக்கொரு பசு, தெருவுக்கொரு குளம்!"

மன்னனுக்குக் காது குளிர்ந்தது.

அடுத்தவர் பழைய களஞ்சிய அதிகாரி நல்லான். "வரி இரட்டிப்பு. செலவு ஒரு மணி நெல்கூட இல்லை. உள்ளே வந்தது வெளியே போகாது. களஞ்சியம் நிறைந்தால் மன்னர் மனம் நிறையும்."

அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

மூன்றாவது, ஏரி மடையைத் திறந்து மூடி வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி சடைச்சி. கையில் மண்வெட்டியோடே வந்திருந்தாள்.

"உன் வரி எவ்வளவு?"

"தெரியாது சாமி."

"செலவு?"

"அதுவும் தெரியாது. கரையை இன்னும் முழுசா அளக்கலை."

அவையே சிரித்தது. விழுப்பரையர் அமைச்சர் அறவாழியைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "அமைச்சரே, உங்கள் ஆலோசனையைவிட இது சுருக்கமாக இருக்கிறதே!"

அமைச்சர் கோபப்படவில்லை. "மன்னா, அரண்மனையில் சமைப்பவர் முதல் கவளத்தைத் தாமே உண்டுகாட்டுவது நம் வழக்கம். சோற்றுக்கே அப்படியென்றால் வாக்குறுதிக்கு? மூவரும் சொன்னதை ஐந்து நாள் தம் வீட்டில் நடத்திப் பார்க்கட்டும்."

விளையாட்டு என்றதும் மன்னன் துள்ளினான். "அப்படியே ஆகட்டும்!"

ஐந்தாம் நாள் மன்னனும் அமைச்சரும் புறப்பட்டார்கள்.

விழுப்பரையர் வீட்டுக் குத்தகைக்காரர் எவரும் அந்த ஐந்து நாளும் நெல் கொண்டுவரவில்லை, வரிதான் கிடையாதே! கேட்க வந்தவர்களோ தேரோட்டத்துக் கூட்டம். தொழுவம் காலி. பிரபு வாசலில் நெல் அளக்கும் மரக்கால் ஒன்றோடு உட்கார்ந்திருந்தார்.

"இது எதற்கு விழுப்பரையரே?"

"உள்ளே வருகிறவர்கள் நாழி அரிசி போட்டுவிட்டு வரட்டும் என்று... வரி இல்லை மன்னா, அன்பளிப்பு!"

"போடாவிட்டால்?"

"உள்ளே விடமாட்டேன்."

மன்னன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிரபு மரக்காலை மேல்துண்டால் மூடினார்.

நல்லான் தெருவுக்குள் நுழையும்போதே நாற்றம். உள்ளே வந்தது வெளியே போகக் கூடாதல்லவா? சாணி, சாம்பல், கழுவிய தண்ணீர் எல்லாம் கூடத்திலேயே இருந்தன. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ஒரு பெரியவர் கும்பிட்டார்.

"மன்னா, நான் நல்லானோட சம்பந்தி! ஒரு வேளை சாப்பிட்டுப் போகலாம் என்று வந்தேன். இப்படி வந்த ஒன்பது பேர் உள்ளேயே இருக்கோம், நாலு நாளாச்சு. எங்களை வெளியே விடச் சொல்லுங்க!"

"கொஞ்சம் செலவு செய்யும், நல்லானே," என்றார் அமைச்சர். "ஒன்பது பேரை."

சடைச்சியின் குடிசை பூட்டியிருந்தது. ஏரிக்கரையில் அவள் கடப்பாரையை வெடிப்பில் விட்டு ஆழம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐந்து நாளாக என்ன செய்தாய்?" என்றான் மன்னன்.

"அளந்தேன் சாமி. முந்நூறு வண்டி மண், ரெண்டு மடைக்குக் கல், வேலையாளுக்குக் கூழு. இப்போ கேளுங்க, சொல்றேன். ஒரு வேலி அளவு நிலத்துக்கு ரெண்டு மரக்கால் நெல்லு. கரை முடிஞ்சதும் அந்த வரியும் முடிஞ்சுது."

"இரண்டு மரக்காலா? குடிகள் முணுமுணுப்பார்களே?"

"முணுமுணுப்பாங்க. ஒரு மரக்காலாக் குறைக்க வழி இருக்கு. சொன்னா நீங்க கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்."

"அரண்மனை நிலமும் தோப்பும் சேர்ந்தா போதும் சாமி. இந்த ஏரியில பாதித் தண்ணி அங்கதான் போகுது. வரி மட்டும் அங்க கிடையாது."

மன்னனின் சிரிப்பு நின்றது. அமைச்சரைத் திரும்பிப் பார்த்தான். "அறவாழி, இது உமக்கு முன்னமே தெரியுமா?"

"தெரியும் மன்னா."

"ஏன் சொல்லவில்லை?"

"நான் சொல்லியிருந்தால் அது அமைச்சரின் கருத்து. கரைமேல் நின்று கேட்டால் கணக்கு."

மன்னன் குனிந்து வெடிப்புக்குள் கையை விட்டான். முழங்கை வரை போயிற்று. மேற்கே மேகம் ஒன்று மலைக்கு மேல் ஏறியிருந்தது. சடைச்சி கடப்பாரையை அடுத்த வெடிப்புக்கு நகர்த்தினாள்.

பிறகு மன்னன் எழுந்து, கையிலிருந்த மண்ணைத் தட்டாமலே, ஓலை எழுதச் சொன்னான்: ஏரிப்பகுதியின் இருக்கை சடைச்சிக்கு, வரி வேலிக்கு ஒரு மரக்கால், முதல் வண்டி நெல் அரண்மனை நிலத்திலிருந்து நாளைக் காலையே வரும்.