மின்னியின் வலியும் நரியின் வாயும்

ஒரு காட்டின் ஓரத்தில் வேலி போட்ட வீடு ஒன்றில் வனக்காவலர் அல்லி குடியிருந்தாள். அவளிடம் சூரன் என்ற நாயும் மின்னி என்ற பூனையும் இருந்தன.

சூரனுக்குத் தன் காவலைப் பற்றி மிகுந்த பெருமை. வேலிக்குள் ஓர் ஓணான் நுழைந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும். மின்னிக்கோ தன் வீரத்தைப் பற்றிப் பெருமை. பாம்பையே எதிர்த்து நின்ற பூனை அது. எது வந்தாலும் முனகாது.

கொஞ்ச நாட்களாக மின்னி வேலியோரம் இருந்த விறகுக் குவியலுக்குப் பின்னால் போய் ஒதுங்கிக்கொண்டது. சூரன் விளையாடக் கூப்பிட்டால் சீறியது. மின்னிக்குத் திமிர் ஏறிவிட்டது என்றது அந்த வீட்டுச் சேவல். சூரனும் அப்படியே நம்பி விலகிப் போனது. அல்லி மடியில் வைத்துத் தடவியபோது மின்னி குர்குர் என்றது. அதனால் அவளுக்கும் சந்தேகம் வரவில்லை.

ஒரு மாலை வேலிக்கு வெளியே ஒரு நரி வந்து நின்றது. சூரன் குரைத்துக்கொண்டு ஓடியது. நரி நகரவில்லை.

"ஏன் இந்தக் கூச்சல்? உங்கள் பூனை சீக்கிரமே நடக்க முடியாமல் விழும். அப்போது வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்றது நரி.

சூரனுக்குத் திக்கென்றது. வேலிக்கு வெளியே நிற்கும் நரிக்குத் தெரிந்தது, உள்ளே இருக்கும் தனக்குத் தெரியவில்லையே என்று வெட்கமாகவும் இருந்தது. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. தற்பெருமை பேச வாய்ப்புக் கிடைத்தால் நரி வாயை மூடாது என்பது அதற்குத் தெரியும்.

"சும்மா அளக்காதே. மின்னி குர்குர் என்று சந்தோஷமாக இருக்கிறது" என்றது சூரன்.

நரி சிரித்தது. "வலி தாங்காமலும் பூனை குர்குர் என்னும். நோயாளிகளைத் தேடித் தின்றே வளர்ந்தவன் நான். நன்றாகப் பார். முதுகு கூனி உட்கார்ந்திருக்கிறது. கண் பாதி மூடிவிட்டது. காது பக்கவாட்டில் சரிந்திருக்கிறது. நக்கிச் சுத்தம் செய்யாமல் மயிர் சடை பிடித்துக் கிடக்கிறது. மீனை ஒரு பக்கமாகவே மென்று, பாதியைக் கீழே போடுகிறது. கோளாறு வாயில்தான்."

சூரனுக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நேரே விறகுக் குவியலுக்கு ஓடியது. நரி சொன்ன ஒவ்வொன்றும் அங்கே கண்ணெதிரே இருந்தது.

"வலிக்கிறது என்று ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டது.

"காட்டில் வலியைக் காட்டிக்கொண்டவர் பிழைத்ததில்லை" என்றது மின்னி.

"இது காடு இல்லை, மின்னி. நான் காவல் இருக்கும் வீடு."

மின்னி மெல்ல முடியாமல் போட்டிருந்த மீன்துண்டைச் சூரன் கவ்விக்கொண்டு போய் அல்லியின் காலடியில் வைத்தது. கிடைத்த மீனைத் தின்னாத நாயை அவள் வியப்போடு பார்த்தாள். அது உடையைப் பற்றி இழுக்கவும் பின்னாலேயே போனாள். மின்னியின் தாடையைத் தொட்டதும் அது தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. அல்லிக்கு விஷயம் புரிந்தது.

மறுநாள் காலை கால்நடை மருத்துவர் சொத்தைப் பல்லைப் பிடுங்கினார். விட்டிருந்தால் சீழ் பரவி உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார். சில நாட்களில் மின்னி பழையபடி ஓடித் தாவியது.

அதன்பின் சூரன் தினமும் விடிந்ததும் முதலில் மின்னி எப்படி உட்கார்ந்திருக்கிறது, எப்படிச் சாப்பிடுகிறது என்று பார்க்கும். பிறகுதான் வாலை நிமிர்த்திக்கொண்டு, முன்னைவிடப் பெருமையாகக் காவலுக்குப் புறப்படும்.

நீதி: பகைவன் கண்ணில் படும் வலி, நண்பன் கண்ணுக்குத் தப்பக் கூடாது.