யாரது?

முப்பத்திரண்டு வருஷம் பஸ்ஸில் "போலாம் ரைட்" சொல்லி ரிட்டயரான இன்னாசிமுத்துவுக்கு ஒரே ஒரு இங்கிலீஷ் வாக்கியத்தைக் கிளப்பத் தெரியவில்லை.

சைக்கிள் கடை மாடியில் இங்கிலீஷ் வகுப்பு நடத்தும் ஜன்னத் டீச்சருக்கு இவருடைய மகள் வயசுதான் இருக்கும். அவளிடம் நோட்டை நீட்டினார்.

"நாளைக்கு என் மருமக வருது டீச்சர். மூணு வருஷத்துக்கு முன்னாடி பையன் கல்யாணம் முடிச்சுக் கூட்டிட்டு வந்து நிறுத்தினப்ப, மூஞ்சிக்கு நேரா கதவைச் சாத்திட்டேன். கென்யாப் பொண்ணு, தமிழ் தெரியாது. மன்னிப்புக் கேக்கணும். எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் விளங்கல."

முதல் வாக்கியம் 'பிகாஸ்' என்று தொடங்கி, ஊர், சொந்தபந்தம், சம்பந்தமே இல்லாத பெரியப்பா என்று எல்லார் தலையிலும் பழியைப் போட்டுவிட்டு அந்தரத்தில் நின்றது. டீச்சர் அதைக் கோடு போட்டு அடித்தாள். அடுத்தது 'பட்' என்று தொடங்கியது. அதையும் அடித்தாள்.

"சரி, மூணாவது? 'தப்பு நடந்துபோச்சு'ன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கேன். இதுல இலக்கணம் சரிதானே?"

டீச்சர் எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். டொக், டொக்.

"யாரது?" என்றார் இன்னாசிமுத்து.

"கதவு தட்டப்படுகிறது."

"அட, அதான் கேக்குதே! ஆளு யாருன்னு சொன்னாத்தானே தொறக்க முடியும்?"

மறுபடியும் டொக், டொக்.

அவருக்குச் சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. பாவம், மனுஷன் கண்ணெல்லாம் கலங்கிப்போனார். எழுந்து போய்க் கதவைத் திறந்துவிட்டு, திரும்ப வந்து நோட்டை எடுத்தார்.

தமிழில் 'சாத்திட்டேன்' என்றால் போதும், 'நான்' என்கிறவன் வாலில் ஒட்டிக்கொண்டு வந்துவிடுவான். இங்கிலீஷில் அந்தச் சலுகை இல்லை. முன்னால் வந்து நிற்கவேண்டும். இன்னாசிமுத்து 'ஐ' எழுதினார். சின்னதாக, தலைக்கு மேல் ஒரு புள்ளி வைத்து எழுதினார்.

"இந்த எழுத்து தனியா நின்னா பெரிசாத்தான் எழுதணும்யா."

"மன்னிப்புக் கேக்கப் போறவன் பெரிசா நிமிந்து நிக்கலாமா டீச்சர்? எனக்குக் கூசுது."

அவர் கீழே வைத்த பேனாவை டீச்சர் அவர் கையிலேயே திரும்ப வைத்தாள்.

"குனிஞ்சு ஒளிஞ்சுக்கிட்டா, அந்தப் பொண்ணு யாரை மன்னிக்கும்யா?"