கோட்டை முற்றத்தில் கேட்ட கேள்வி

போர் ஓய்ந்து மூன்று ஆண்டுகள் கழிந்திருந்தன. உடலில் காயமின்றி, மனம் மட்டும் முறிந்து திரும்பிய வீரர்களுக்கும் மானிய நிலம் உண்டு என்று அரசாணை பிறந்தது. உரியவர் யார் எனச் சோதித்து ஓலை எழுதும் பொறுப்பு மருத்துவர் குமரநம்பியிடம் வந்து சேர்ந்தது. நாற்பதைக் கடந்தவர், கைராசிக்காரர் என்று பெயரெடுத்தவர்.

கோட்டை முற்றத்தில் வீரர்கள் வரிசையில் நின்றார்கள். நம்பியின் அருகிலேயே படைத்தலைவரும் அமர்ந்திருந்தார். பொழுது சாய்வதற்குள் அறுபது ஓலைகள் முடிந்தன.

மறுநாள் காலை, ஆசான் அம்பலவாணர் மருத்துவசாலையில் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவரிடம் முன்பு பயின்ற நம்பியும் அங்கிருந்தார். ஒரு பெண் விடுவிடுவென்று உள்ளே வந்தாள். கையில் கணவன் காரியின் ஓலை: 'நோயில்லை. பணிக்குத் திரும்புக.'

"அமாவாசைக்குள்ள எல்லைக் காவலுக்குப் போகணுமாம். யாருய்யா இதை எழுதினது?"

நம்பி எழுந்தார். "நான்தான், அம்மா. உறக்கம் எப்படி என்று கேட்டேன். நன்றாக உறங்குகிறேன் என்றார் உன் கணவர்."

"உறங்குறாராமா? ஒருநாள் தூக்கத்துல அலறிக்கிட்டு, பக்கத்துல படுத்திருந்த மகளோட கழுத்தைப் பிடிச்சுட்டார். அன்னையிலேருந்து மாட்டுக்கொட்டில்லதான் கிடக்கார். எங்க மாடுதான்யா நல்லாத் தூங்குது. அதை அனுப்பவா எல்லைக்கு?"

மாணவர் சிலர் சிரிப்பை அடக்கிக்கொண்டனர். அம்பலவாணர் சிரிக்கவில்லை. ஓலையை வாங்கிப் பார்த்தார்.

"நம்பி, சோதனையில் ஏதேனும் பிழை நேர்ந்ததா?"

முப்பது மாணவர்களும் நம்பியையே பார்த்தார்கள். அவருடைய காதுமடல் சுட்டது.

"பிழையில்லை, ஐயா."

ஆசான் மேற்கொண்டு கேட்கவில்லை. அந்தப் பெண்ணை அமரச் சொல்லிவிட்டு, "வா நம்பி, தோட்டம்வரை போய் வருவோம்" என்றார்.

நொச்சிச் செடிகளைத் தாண்டியதும் நம்பியின் கால்கள் நின்றுவிட்டன.

"பிழை நேர்ந்தது, ஐயா. நேற்று எவனோ ஒரு கேடயத்தைக் கீழே போட்டான். அந்த ஓசைக்குக் காரி சுவரோரம் ஒடுங்கித் தலையைப் பொத்திக்கொண்டார். 'என்னடா காரி, பேய் வந்துவிட்டதா?' என்றார் படைத்தலைவர். வரிசை முழுதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அதற்குப் பிறகுதான் உறக்கத்தைப் பற்றிக் கேட்டேன்."

"சற்றுமுன் நான் கேட்டபோது இது நினைவில் இல்லையா?"

"இருந்தது. அத்தனை பேர் முன்னிலையில் நா எழவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது."

அம்பலவாணர் தலையசைத்தார்.

"ஆனாலும் ஒன்று விளங்கவில்லை, ஐயா. சொல்லியிருந்தால் நிலம் கிடைத்திருக்கும். மனைவி மக்களோடு இருந்திருக்கலாம். காரி ஏன் என்னிடம் மறைத்தார்?"

"இப்போது இங்கே எத்தனை பேர் இருக்கிறோம்?"

"இருவர்."

ஆசான் காரியின் ஓலையை நம்பியின் கையில் வைத்தார்.

"நேற்று அங்கே?"

"வரிசை முழுதும், ஐயா. படைத்தலைவரும்" என்ற நம்பி, ஓலையோடு அந்தப் பெண் அமர்ந்திருந்த பக்கம் திரும்பி நடந்தார்.