சிரிக்க அனுமதி இல்லாத மைதானம்

முன்னொரு காலத்தில், மன்னர் காலையில் நினைத்தது மாலைக்குள் சட்டமாகிவிடும் ஒரு நாட்டில், சர்வகலாசாலை ஒன்று இருந்தது. ஊருக்கு மேற்கே பரந்த நிலத்தை அதற்குத் தானமாகக் கொடுத்த மன்னர், "இந்த நிலத்தில் நடப்பவற்றை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் அதன் தலைவருக்கே" என்று முத்திரையும் வைத்துக் கொடுத்தார்.

தலைவர் அம்பலவாணர் முதலில் ஆடு மேய்ப்பதைத் தடுத்தார். நியாயம்தான், ஆடுகள் ஓலைச்சுவடிகளை ருசி பார்த்திருந்தன. பிறகு பட்டம் விடுவதற்கு அனுமதி வாங்கச் சொன்னார். அப்புறம் பாட்டு, சீழ்க்கை, ஓட்டம். அதிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது.

அரண்மனை விகடகவி சடையாண்டி மாலையில் அந்தப் பக்கம் காற்று வாங்கப் போவான். மாணவர்கள் அவனைச் சுற்றிக் கூடிவிடுவார்கள். தலைவரின் வகுப்பில் தூண்கள் மட்டும் பாடம் கேட்கும். விடுவாரா மனிதர்? 'கலாசாலை நிலத்தில் அனுமதியின்றி விகடம் சொல்வதும் சிரிப்பதும் குற்றம். தண்டனை நாடு கடத்தல்' என்று புது விதி போட்டார்.

இந்த நேரம் பார்த்து மன்னருக்குக் கலாசாலையின் ஆண்டு விழாவுக்குப் போகும் ஆசை வந்தது.

"சடையாண்டி, அங்கே சொற்பொழிவுகள் நிறைய உண்டாம். நீ என்னைச் சிரிக்க வைக்க வேண்டும். தவறினால் உன் பதவி போயிற்று."

"அரசே, அங்கே விகடத்துக்குத் தடை. அனுமதி கேட்டேன். தலைவர் மறுத்துவிட்டார்."

விழாவுக்கு அழைக்க வந்து பக்கத்தில் நின்ற அம்பலவாணர் கைகூப்பினார். "தங்கள் முத்திரையின் பலத்தில் நிற்கும் விதி, மன்னவா."

மன்னர் தாடியைத் தடவினார். "அதுவும் சரி. சட்டமும் நிற்க வேண்டும், நானும் சிரிக்க வேண்டும். வழியை நீ பார்த்துக்கொள்."

வீட்டில் மனைவி செங்கமலம் கேட்டாள்: "விகடம் சொன்னா ஊரை விட்டுத் துரத்துவாங்க. சொல்லாட்டி வேலை போயிடும். எதுக்குன்னு மூட்டை கட்டறது?"

"ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு கட்டி வை" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான் சடையாண்டி.

விழாவில் அவன் முறை வந்தது. மன்னர் ஆவலோடு நிமிர்ந்தார். அம்பலவாணர் காவலர்களுக்குக் கண்ணைக் காட்டினார். சடையாண்டி பணிவாகக் கைகட்டி நின்றான்.

"தலைவர் அவர்களே, ஒரு விண்ணப்பம். எனக்குத் தும்மல் வருகிறது. அனுமதி உண்டா?"

வேறு யாராயிருந்தாலும் 'தும்மித் தொலை' என்றிருப்பார்கள். ஆனால் எந்த விண்ணப்பமானாலும் அது எந்தத் துறையைச் சேர்ந்தது என்று தீர்மானிக்காமல் பதில் சொல்வது அந்தக் கலாசாலையில் வழக்கமில்லை. அம்பலவாணர் பண்டிதர்கள் பக்கம் திரும்பினார்.

"தும்மல் யாருடைய துறை?"

"ஐயமென்ன, வைத்தியம்" என்றார் வைத்தியர்.

"ஓசை எழுவதால் சங்கீதம். எந்தச் சுருதியில் தும்மப் போகிறான் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும்" என்றார் இசைப் பண்டிதர்.

தர்க்கப் பண்டிதர் தொண்டையைச் செருமினார். "நம் அதிகாரம் நிலத்தின் மேல். தும்மல் காற்றில் இருக்கும்வரை நமக்குச் சம்பந்தமில்லை."

"நிலத்தில் விழுந்தபின்?"

"விழுந்தபின் அது நீர்ப்பாசனம்."

சடையாண்டி மூக்கைப் பிடித்துக்கொண்டான். "ஐயா, முடிவு தெரியும்வரை அடக்கி வைத்துக்கொள்ளலாமா?"

"அடக்குவதும் ஒரு செயல்தான். அதற்குத் தனி விண்ணப்பம் கொடு" என்றார் அம்பலவாணர், மிகுந்த கம்பீரத்துடன்.

மன்னரின் மீசை துடித்தது. அடுத்த கணம் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மன்னரே சிரித்தபின் கூட்டம் சும்மா இருக்குமா?

"மன்னவா, விதியை மீறி விகடம் சொல்லிவிட்டான். நாடு கடத்துங்கள்" என்று எழுந்தார் அம்பலவாணர்.

"நான் எங்கே சொன்னேன்?" என்றான் சடையாண்டி. "விதிப்படி அனுமதி கேட்டேன். இன்னும் தும்மக்கூட இல்லை. சபை சிரித்தது தங்கள் பதிலைக் கேட்டுத்தான். அதைச் சொல்வதற்குத் தாங்கள் யாரிடம் அனுமதி வாங்கினீர்கள்?"

அம்பலவாணர் மறுபடி பண்டிதர்கள் பக்கம் திரும்பப் போக, சடையாண்டி தொடர்ந்தான்.

"அதை விடுங்கள். இங்கே முதலில் சிரித்த குற்றவாளி சிம்மாசனத்தில் இருக்கிறார். அவரை நாடு கடத்த யாரிடம் உத்தரவு வாங்கப் போகிறீர்கள்?"

மன்னர் மறுபடி சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தலைவரைப் பார்த்தார். "அம்பலவாணரே, படிப்பு நடக்கட்டும் என்றுதான் நிலத்தையும் அதிகாரத்தையும் கொடுத்தேன். படிப்பைக் கெடுப்பதைத் தடுத்துக்கொள்ளுங்கள். மனிதர்களின் மூக்கையும் வாயையும் நான் தானத்தில் சேர்க்கவில்லை. அந்த விதி இன்றோடு ஒழிந்தது."

சொல்லிவிட்டுத் தம் முத்துமாலையைக் கழற்றிச் சடையாண்டியின் கழுத்தில் போட்டார். மாணவர்கள் ஆரவாரம் செய்தார்கள். அம்பலவாணரோ, மாலை போடுவது எந்தத் துறையில் வரும் என்று பக்கத்துப் பண்டிதரிடம் மெல்ல விசாரித்துக்கொண்டிருந்தார்.