இருபத்தாறாவது கிலோமீட்டர்

"இதோட நாலு தரம், பிள்ளை. என்ன பிழையெண்டு வாயைத் திறந்து சொன்னால் குறைஞ்சா போயிடுவாய்?"

கேட்டவர் பரராசசிங்கம். வயது ஐம்பத்தேழு. சீடர் அவர்தான்.

துஷ்யந்திக்கு முப்பத்துமூன்று. அவள்தான் குரு. குருவைப் 'பிள்ளை' என்று கூப்பிடும் சீடர் வேறெங்காவது இருக்கிறாரா தெரியவில்லை. அவளும் அவரை 'அண்ணை' என்றுதான் கூப்பிடுவாள். இரண்டு பேருக்கும் அதில் ஒரு சங்கடமும் இல்லை.

ஜெர்மனியின் மேற்கில் ஐஃபல் என்றொரு மலைக்காடு. எல்லாம் பழைய எரிமலைகள். கடைசியாகப் பொங்கிப் பத்தாயிரம் வருடத்துக்கு மேலாகிவிட்டது. இப்போது அவற்றின் மேல் காடு, குழிகளில் ஏரி, சரிவுகளில் மாடு. அன்றைக்கு எரிந்து கொட்டிய கல் மட்டும் காட்டுப் பாதைகளில் சிவப்பும் கறுப்புமாகக் கிடக்கிறது.

அந்தக் கல்லில் ஓடுவதற்கென்றே தடித்த டயர் போட்ட சைக்கிள் இருக்கிறது. கிரவல் சைக்கிள் என்பார்கள். ஊரில் கிரவல் றோட்டில் சைக்கிள் ஓடினால் அது தலைவிதி. இங்கே அது பொழுதுபோக்கு.

துஷ்யந்தி மலையடிவாரத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தாள். காட்டுக்குள் ஓட ஒருவர் வரைபடத்தில் புதிதாகப் பாதை கீறினால் அவளிடம்தான் கொண்டுவருவார். அவள் ஓடிப் பார்த்துச் சரியென்றால் ஒரு மரத்தில் தன் மஞ்சள் பலகையை அடிப்பாள். பலகை இல்லாத பாதையை அந்தப் பக்கத்துச் சைக்கிள்காரர் எவரும் எட்டிப் பார்ப்பதில்லை.

பரராசசிங்கத்துக்கு அந்தப் பலகை வேண்டும். ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும்.

மகள் சிந்துஜா இரண்டு வருடமாக வீட்டுப் படி மிதிக்கவில்லை. தாயோடு மட்டும் தொலைபேசியில் பேசுவாள். அவளும் சைக்கிள் பைத்தியம்தான். போன மாதம் தாயிடம் சொல்லியிருந்தாள்: "அப்பா தன்ர பாட்டுக்குக் கீறின பாதைக்கு நான் வரமாட்டன். துஷ்யந்தி அக்கா சரியெண்டு சொன்ன பாதையெண்டால், ஒரு ஞாயிறு வாறன்."

ஒரு ஞாயிறு. இந்த ஞாயிறென்று தாய் நாளும் குறித்துவிட்டாள். அதற்காகத்தான் மனிதர் மூன்று வாரமாக நாயாய் அலைந்தார்.

முப்பது வருடம் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் அளவு பார்த்தவர். மயிரிழை பிசகினாலும் தூக்கி எறிந்து பழகியவர். தன்னுடையதை இன்னொருவர் தூக்கி எறிவது அவருக்குப் புதுசு.

முதல் தரம் துஷ்யந்தி வரைபடத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். இரண்டாம் தரம் டியூபுக்கு ஒட்டுப் போட்டபடியே தலையை ஆட்டினாள். மூன்றாம் தரம் "வடிவாத்தான் இருக்கு" என்றாள். பலகை தரவில்லை.

இப்போது கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்கு ரெண்டு பேரும் ஓடிப் பாப்பம், அண்ணை."

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் புறப்பட்டார்கள்.

பாதையில் குறை சொல்ல ஒன்றுமில்லை, அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஐம்பத்திரண்டு கிலோமீட்டர். நான்கு பெரிய ஏற்றம். இரண்டு எரிமலை ஏரி. தார் றோட்டு இருநூறு மீட்டர் கூட வராது. முதல் ஏரியின் விளிம்பில் மரங்கள் விலகித் தண்ணீர் தெரிந்த இடத்தில் பரராசசிங்கம் வேண்டுமென்றே மெதுவாக ஓடினார், அவள் பார்க்கட்டும் என்று. அவளும் பார்த்தாள்.

"இதின்ர வடிவு என்னெண்டு தெரியுமோ?" என்றார் அவர், மூச்சு வாங்கியபடி. "நடுவில ஒரு இடத்திலயும் வெளியில போகேலாது. தொடங்கினால் முழுக்க முடிச்சுத்தான் ஆகவேணும்."

அவள் திரும்பி அவரை ஒருதரம் பார்த்துவிட்டு மிதித்தாள்.

இரண்டாவது ஏற்றம் முடிந்தது. சரியாக இருபத்தாறாவது கிலோமீட்டர். துஷ்யந்தி இறங்கினாள். சைக்கிளைப் புல்லில் சாய்த்தாள். கீழே உட்கார்ந்தாள்.

"என்ன, டயரில காத்துப் போயிட்டுதோ?"

"இல்லை. எனக்கு ஏலாது அண்ணை. நான் வீட்டை போகப்போறன். எதால போறது?"

பரராசசிங்கம் சிரித்தார். ஒரே நாளில் நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடுகிறவள் அவள். முகத்தில் வியர்வை கூட இல்லை.

"பகிடி விடாதை."

"பகிடி இல்லை. எதால போறது?"

"முன்னுக்குப் போனால் இருபத்தாறு. திரும்பிப் போனாலும் இருபத்தாறு."

"வேற?"

"வேற இல்லை."

அவள் சப்பாத்தைக் கழற்றினாள். பையைத் தலைக்கு வைத்துப் படுத்தேவிட்டாள்.

அவர் நின்றார். நேரம் பார்த்தார். தண்ணீர் குடித்தார். மறுபடி நேரம் பார்த்தார். பத்து நிமிடம் பொறுத்தார், அது அவருக்குப் பெரிய பொறுமை.

"எழும்பு பிள்ளை. இன்னும் கொஞ்சத் தூரம்தான்."

அவள் அசையவில்லை.

"இந்த ஒரு ஏத்தம்தான். பிறகு முழுக்க இறக்கம்."

பச்சைப் பொய். இன்னும் இரண்டு ஏற்றம் இருந்தது.

"சிந்துஜா பன்னிரண்டு வயசில இதைவிடப் பெரிய ஓட்டம் ஓடினவள், தெரியுமோ? எழுபது கிலோமீட்டர். நடுவில விழுந்து முழங்காலெல்லாம் ரத்தம். திரும்புவம் திரும்புவம் எண்டு அழுதவள். நான் விடேல்லையே. அழுதழுது முடிச்சவள்."

இந்தக் கதையை அவர் கல்யாண வீடுகளில் சொல்லியிருக்கிறார், பிறந்தநாள் வீடுகளில் சொல்லியிருக்கிறார். சொன்ன இடமெல்லாம் ஆட்கள் தலையாட்டியிருக்கிறார்கள்.

துஷ்யந்தி கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"அதுக்குப் பிறகு உங்களோட எத்தினை தரம் ஓடினவ?"

பரராசசிங்கம் எண்ணத் தொடங்கினார். எண்ணுவதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

வெட்கமாக இருந்தது. வெட்கம் வந்தால் அவருக்குக் கூடவே கோபமும் வரும். கோபத்தில் சைக்கிளை அங்கேயே போட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்கினார்.

முள் கீறியது. விழுந்து கிடந்த மரங்களுக்குக் குனிந்தார், சிலதில் ஏறிக் குதித்தார். ஓரிடத்தில் வழுக்கி விழுந்து எழுந்தார். கடைசியில் வெட்டிய மரம் இழுக்கிற பழைய தடமொன்று கிடைத்தது. அது வளைந்து வளைந்து இறங்கி ஒரு சின்னக் கிராமத்துத் தெருவில் போய் முடிந்தது. தெருமுனையில் பஸ் தரிப்பிடம்.

அந்தத் தடத்தைப் பிடித்தே திரும்ப மேலே ஏறி வந்தார். தடம் மேலே வந்து சேர்ந்த இடம் அவருடைய பாதையிலிருந்து பத்தடி. மூன்று வாரமாக அதைக் கடந்து ஓடியிருக்கிறார்.

"வழி இருக்கு. மூண்டு கிலோமீட்டர். கீழ பஸ்."

துஷ்யந்தி எழுந்து உட்கார்ந்தாள். "ஞாயிறிலயும் ஓடுமோ?"

அவர் பார்க்கவில்லை.

"சைக்கிளை ஏத்துவினமோ?"

அதையும் பார்க்கவில்லை.

அவள் மறுபடி படுத்துக்கொண்டாள்.

பரராசசிங்கம் வாய்க்குள் என்னவோ முணுமுணுத்தார். நல்ல வார்த்தையாக இருந்திருக்காது. பிறகு மறுபடி இறங்கினார். தரிப்பிடத்து நேர அட்டவணையைக் கண்ணாடி போட்டுப் படித்தார். ஞாயிறில் இரண்டே பஸ். இரண்டுக்கும் பின்னால் சைக்கிள் ஏற்றுகிற பெட்டி பொருத்தியிருக்கும் என்று போட்டிருந்தது. நேரத்தைக் கையில் எழுதிக்கொண்டு மறுபடி மூன்று கிலோமீட்டர் ஏறினார்.

மேலே அவள் இல்லை. அவள் சைக்கிளும் இல்லை.

தடம் பிரிகிற இடத்து மரத்தில் மஞ்சள் பலகை அடித்திருந்தது. அதில் ஒரு அம்பு கீழே காட்டியது.

ஞாயிற்றுக்கிழமை சிந்துஜா வந்தாள். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் காருக்குள்ளிருந்து சைக்கிளை இறக்கி, ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றாள்.

அதிகம் பேசிக்கொள்ளவில்லை. "டயர் புதுசோ?" என்று அவர் கேட்டார். "ஓம்" என்றாள். முதல் ஏரிக்கரையில் அவளாகவே நின்று படம் எடுத்தாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதைக் காட்டிக்கொள்ளாமல் செயினைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டார்.

இருபத்தாறாவது கிலோமீட்டரில் அவள் பலகையைக் கண்டு நிறுத்தினாள்.

"இது எங்க போகுது?"

"கீழ. பஸ்ஸுக்கு."

"ஆர் போட்டது?"

"துஷ்யந்தி அடிச்சவள். வழி கண்டுபிடிச்சது நான்."

சிந்துஜா அவருடைய முகத்தைப் பார்த்தாள். பிறகு தடத்தைப் பார்த்தாள். அவள் களைக்கவில்லை. முப்பது வருடம் அளவு பார்த்த கண்ணுக்கு அது தெரியாதா?

"அப்ப நான் இதால போகட்டோ?"

இன்னும் கொஞ்சத் தூரம்தான் என்பது அவருடைய தொண்டைவரை வந்தது. அடுத்த ஏரி இதைவிட வடிவு என்பதும் வந்தது. இரண்டு வருடத்துக்குப் பிறகு இவ்வளவுதானா என்பதும் வந்தது. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு நேரத்தைப் பார்த்தார்.

"பஸ் வர நாப்பது நிமிசம் கிடக்கு," என்றார். "ஆறுதலாப் போ."

அவள் ஹெல்மெட் வாரை இறுக்கினாள். பிறகு சைக்கிளைத் திருப்பினாள். இறங்கினாள். முதல் வளைவில் மரங்கள் அவளை மறைத்துவிட்டன. டயருக்கடியில் கல் நொறுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறகு அதுவும் நின்றது.

"அப்பா."

"என்ன?"

"மிச்சத்தை வாற ஞாயிறு ஓடுவம்."