கதவு வேர்க்கும் காலம்

குன்னூரில் உறைபனி தொடங்கினால் வண்டிக்கு பெயிண்ட் அடிக்கிறவர்கள் பட்டறையைச் சாத்திவிட்டு மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிடுவார்கள். போஜன் இறங்கமாட்டான். குளிரிலும் பெயிண்ட் பிடிக்கும், அதற்கு இரும்பின் மனசு தெரிய வேண்டும் என்பான்.

யார் எதைக் கேட்டாலும் அவன் வாயால் பதில் சொல்வது குறைவு. கையில் இருப்பதைக் காட்டுவான். தம்பி குடிக்கிறான், என்ன செய்வது என்று ஒருவர் கேட்டதற்கு, பெயிண்டைக் கரைக்கும் தின்னர் டப்பாவின் மூடியைத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குத் திரும்பினான். கேட்டவர் ஏதோ புரிந்த முகத்துடன் போனார். எதிரே டீக்கடை வைத்திருக்கும் குஞ்ஞப்பன் மட்டும் சிரிப்பார். "போஜன்கிட்ட மணி கேட்டுடாதீங்க. கடிகாரத்தைக் கழற்றிக் காட்டுவான்."

சூசை சிரிக்கமாட்டார். ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தவர், கண் மங்கியபின் இந்தப் பட்டறைக்கு வந்தார். போஜன் அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். இருந்தாலும் அவருக்கு அவன் மாஸ்டர். அவனுக்கு அவர் அண்ணா.

அந்த ஜனவரியில் ஒரு ஞாயிறு, பூசை முடியும் நேரத்தில், மாதா கோவிலில் ரெஜினாவின் கல்யாண ஓலையை வாசித்தார்கள்; கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு வாசிக்கும் அறிவிப்பில் இது முதலாவது. ரெஜினா சூசையின் ஒரே மகள். தாய் இல்லாத பெண். பையனை அவளே தேடிக்கொண்டாள் என்ற கோபத்தில், பெண் கேட்டு வந்த பையனின் அம்மா முன்னாலேயே, "எனக்கு மகளே கிடையாது" என்று சொல்லியிருந்தார் சூசை. அவள் அழவில்லை. ஒரு பையை எடுத்துக்கொண்டு மேட்டுப்பாளையத்தில் இருக்கும் அத்தை வீட்டுக்கு இறங்கிவிட்டாள். அன்று பொழுது சாய்வதற்குள் சூசைக்குத் தன் வாய் கசந்துவிட்டது. ஆனால் பஸ் ஏறவில்லை.

திங்கட்கிழமை பட்டறைக்கு வந்ததும் கேட்டார்.

"மாஸ்டர், ஓலை வாசிச்சுட்டாங்க. கீழ போய் அவகிட்டப் பேசிட்டு வரட்டா?"

போஜன் வெளியே போனான். இரவெல்லாம் பனியில் கிடந்த கார் கதவு ஒன்றைத் தூக்கி வந்து, விளக்குகள் எரியும் உள்ளறையில் சாத்தி வைத்தான்.

"பாருங்க."

சூசை பார்த்தார். சற்று நேரத்தில் கதவு மேலெல்லாம் மங்கலாகியது. பிறகு பொடிப்பொடியாக நீர் கோத்தது.

"வேர்க்குது," என்றார்.

"இப்ப அடிச்சா?"

"பால் பூத்துடும். வெள்ளை வெள்ளையா."

"அப்புறம்?"

"மொத்தத்தையும் தேய்ச்சு எடுக்கணும்."

போஜன் தன் புறங்கையைக் கதவில் வைத்து எடுத்தான். "குளிர்ல இருந்து வந்தது அண்ணா. அது தன் ஈரத்தைத் தானே விடணும். நாம துடைச்சா போகாது."

சூசை தலையாட்டினார். அவர் போகவில்லை.

இரண்டாம் ஓலையும் மூன்றாம் ஓலையும் வாசித்தார்கள். மூன்றாவது முடிந்த அன்று மேட்டுப்பாளையத்து அக்காவுக்கு போன் போட்டு, ரெஜினா எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்.

"எப்படி இருப்பா? உன் பேரைச் சொன்னாலே எழுந்து போயிடுறா," என்றாள் அக்கா. "புதன்கிழமை கல்யாணம். வந்து சேரு. தகப்பன் இல்லாம யாரு அவ கையைப் பிடிச்சுக் கோவிலுக்குள்ள கூட்டிட்டுப் போறது?"

செவ்வாய்க்கிழமை அவர் மறுபடியும் கேட்டார். "பேரைச் சொன்னாலே எழுந்து போறாளாம் மாஸ்டர். போகலாமா?"

போஜன் ஒரு கார் பானெட்டில் பள்ளம் அடைத்த பட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

"எழுந்து போறாளா?"

"ஆமா."

"இன்னும் வேர்க்குது அண்ணா. பொறுங்க."

அந்தப் பதில் சூசைக்கு வசதியாக இருந்தது. கோவில் நிறைய ஆட்கள், பையனின் அம்மா, அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது என்று அவர் பயந்துகொண்டிருந்தார். பயம் என்று சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. பொறுமை என்று சொல்லிக்கொள்ள முடிந்தது. அன்றிரவு நன்றாகத் தூங்கினார்.

புதன்கிழமை போஜன் முதல் தடவையாக ஸ்பிரே கன்னை அவர் கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றான். தேய்த்து முடித்த அந்த பானெட்தான். சூசை அதை முந்தின நாளே உள்ளறைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தார். பெயிண்ட் டப்பாவை வெந்நீரில் இறக்கிச் சூடாக்கினார். புறங்கையை வைத்துப் பார்த்தார். அவசரப்படாமல் மெல்லிசாக ஒரு பூச்சு, ஆறவிட்டு இன்னொன்று. கருநீலம் கண்ணாடி மாதிரி இறங்கியது. எங்கும் ஒரு பொட்டு வெள்ளை இல்லை.

"குறையே இல்ல அண்ணா," என்றான் போஜன்.

அப்போது போன் அடித்தது. சூசையின் விரலெல்லாம் நீலம். போஜன்தான் எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, அவர் முன்னால் பிடித்தான்.

"கல்யாணம் முடிஞ்சுது," என்றாள் அக்கா. "சந்தோஷமாடா?"

சூசை ஸ்பிரே கன்னைக் கீழே வைத்தார்.

"கோவில் வாசல்லயே நின்னுட்டா. ஃபாதர் ரெண்டு தடவை வெளிய வந்து பார்த்தாரு. இன்னும் ஒரு மலை பஸ் இருக்கு அத்தை, அதுவும் வந்துடட்டும்னா. வந்துச்சு. உங்க ஊர்க்காரங்க நாலு பேரு இறங்குனாங்க. அத்தனை பேரு முகத்தையும் பார்த்தா. அப்புறம் உன் மச்சான் கையை நீட்டுனாரு. வேண்டாம் மாமான்னுட்டுத் தனியா உள்ள நடந்து போனா."

"நீதானேக்கா சொன்னே," என்றார் சூசை. "என் பேரைச் சொன்னா எழுந்து போயிடுறான்னு."

"எழுந்து எங்கடா போவா? தெருவாசலுக்குத்தான் போவா. ரோட்டைப் பார்த்துக்கிட்டு நிப்பா. கூப்பிட்டாலும் சோத்துக்கு வரமாட்டா."

"அதை ஏன் சொல்லல?"

"எங்க போறான்னு நீ கேட்டியா?"

அக்கா வைத்துவிட்டாள். போஜன் போனை உடனே கீழே வைக்கவில்லை. அணைந்த பிறகும் பிடித்துக்கொண்டே நின்றான்.

சூசை ஒரு துணியைத் தின்னரில் நனைத்து விரல்களைத் துடைக்கத் தொடங்கினார். நகக்கண்ணில் இருந்த நீலம் போகவில்லை. வெளியே குஞ்ஞப்பன் யாரிடமோ சில்லறைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

"இரும்பு நமக்காக ரோட்டைப் பார்த்துக்கிட்டு நிக்கறதில்ல அண்ணா," என்றான் போஜன். "வச்ச இடத்துல கிடக்கும். அவ்வளவுதான்."

சூசை துடைத்துக்கொண்டே இருந்தார்.

"நாலரைக்கு பஸ் இருக்கு," என்றான் போஜன் மறுபடி.

"போனா பேசுவாளா, மாஸ்டர்?"

போஜன் அறையைச் சுற்றிப் பார்த்தான். அவன் கை பெயிண்ட் டப்பாவை நோக்கிப் போய், பாதியில் நின்று, திரும்பி வந்தது.

"தெரியல அண்ணா."

சூசை முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தார். "அன்னைக்குக் கேட்டப்ப மட்டும் தெரிஞ்சுதே."

"அன்னைக்கும் தெரியல அண்ணா. எனக்குக் கதவைத்தான் தெரியும்."